போய்ச் சேராத ஸ்வெட்டர்கள்

நேற்று சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். நல்ல மழை. பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெரியவர் நனைந்த கம்பளியைப் போர்த்தியிருந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதுமே எனக்குக் குமட்டியது. பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. காவிரிப் பாலத்துக்கு முன்னாலேயே இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பாலம் முழுக்க உன்னோடுதான் பேசிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தும் பேச்சு தீரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஒரே சுவரை நடுவில் வைத்துக்கொண்டு அடுத்தடுத்த போர்ஷனில் குடியிருந்தோம். உன்னைப்போல ஆசையாக ஒரு கைவேலையைத் தொடங்குகிறவளை நான் பார்த்ததில்லை. முடிப்பதற்கு உன்னைப்போல அழுகிறவளையும் பார்த்ததில்லை. உன் டிரங்குப் பெட்டி நிறையப் பாதி மயில் போட்ட தலையணை உறைகள், கை வைக்காத கவுன்கள். கவுனுக்குக் கை வைப்பதற்குள் உன் மகள் வளர்ந்துவிடுவாள். ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்ட பிறகும் அதே கதைதான். "முன்பக்கம், முதுகு, ரெண்டு கை எல்லாம் பின்னிடறேன்டி. சேர்த்துத் தைன்னா மட்டும் அப்படியே தூக்கிப் போட்டுடலாம்னு வருது" என்பாய். எங்கோ ஒரு கண்ணி தப்பியிருப்பது கண்ணில் பட்டால் போதும், அத்தனையையும் சரசரவென்று பிரித்துவிடுவாய்.

வடக்கே எல்லையில் சண்டை வந்தபோது தெப்பக்குளத்துப் பக்கம் இருந்த மாதர் சங்கத்தில் நமக்குக் கம்பளி நூல் கொடுத்தார்கள். பனியில் நிற்கிற ஜவான்களுக்கு ஸ்வெட்டர் வேண்டுமாம். சங்கத் தலைவி ஒரு பெரிய வக்கீலின் மனைவி. நூலோ முரட்டுப் பச்சை நூல். திருச்சிப் புழுக்கத்தில் அது உள்ளங்கை வியர்வையில் பிசுபிசுவென்று ஒட்டும். இழை நாக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். முழங்கையெல்லாம் தடித்து அரிக்கும். நீ திட்டிக்கொண்டே பின்னினாய், பிரித்தாய், மறுபடி பின்னினாய். இந்தத் தடவை தூக்கிப் போடவில்லை. கழுத்தின் உள்பக்கம் உன் பழைய சிவப்புப் பருத்திப் புடவையைக் கிழித்துப் பட்டியாக வைத்துத் தைத்தாய். "எந்தப் புள்ளை போட்டுக்குதோ, கழுத்து உறுத்தக் கூடாதுடி." கடைசித் தையலைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "முடிச்சுட்டேன் பாரு!" என்று முற்றத்தில் நீ குதித்த குதி! அதற்குப் பிறகும் நிறையப் பின்னினாய். எல்லாவற்றிலும் அந்தச் சிவப்புப் பட்டி இருந்தது.

ஸ்வெட்டர்களை மேஜையில் அடுக்கி வைத்துக் கூட்டம் போட்டார்கள். தலைவிக்கு மாலை போட்டு போட்டோ எடுத்தார்கள். நாம் கைதட்டிவிட்டு வந்தோம்.

கோடையில் தையல் வகுப்புக்காக மிஷினை எடுக்கச் சங்கத்தின் பின்கட்டு அறைக்குப் போனோம். கதவைத் திறந்ததுமே எலி மூத்திர நாற்றம். மூலையில் கோணி மூட்டைகள். நீதான் ஒன்றைப் பிரித்து, கையில் வந்ததை இழுத்தாய். ஒரு ஸ்வெட்டர் கை. அதற்குள்ளிருந்து கண் திறக்காத எலிக்குஞ்சுகள் உன் காலில் விழுந்து நெளிந்தன. கழுத்தில் சிவப்புப் பட்டி. நீ ஓடிப்போய்க் கிணற்றடியில் வாந்தி எடுத்தாய்.

வாயைக் கொப்பளித்துவிட்டு நேரே தலைவி வீட்டுக்கு நடந்தாய். நானும் பின்னாலேயே வந்தேன். அந்த அம்மாள் ஊஞ்சலில் இருந்தாள்.

"சண்டைதான் நின்னு போச்சே. அனுப்பத் தோதுப்படலை" என்றாள்.

"பனியும் நின்னு போச்சாங்க?" என்று கேட்டாய்.

"இதென்ன பேச்சு? நீங்க ஆசைப்பட்டுப் பின்னுனீங்க, யாரு வேணாம்னா? கூட்டமும் நல்லபடியா நடந்துது. உட்காருங்க, காப்பி குடிச்சுட்டுப் போகலாம்."

"காப்பி வேணாங்க. மூட்டையைக் குடுத்துடுங்க, நாங்க எடுத்துட்டுப் போறோம்."

எலியைவிட அந்தக் காப்பிதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

மூட்டைகளோடு பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்னம்மா, மூட்டையில ஏதாவது செத்துக் கெடக்கா?"

"ஆமாங்க, செத்ததுதான். டிக்கெட்டைக் குடுங்க" என்றாய்.

எரித்துவிடலாம் என்றுதான் நான் சொன்னேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ வீட்டுக் குப்பையாப் போறதுக்காடி நான் இதை முடிச்சேன்?" மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கொள்ளிடத்து மணலில் உட்கார்ந்து, புழுக்கையை உதறி, பூந்திக்கொட்டை போட்டு அலசினோம். ஒவ்வொரு முறை தண்ணீரைப் பிழியும்போதும் மஞ்சளாக ஓடும். உனக்கு ஓங்கரிக்கும், துப்பிவிட்டு மறுபடி பிழிவாய். தேறாதவற்றைப் பிரித்து, அந்த நூலால் மற்றவற்றின் ஓட்டைகளை அடைத்தாய். முடிக்கவே தெரியாத நீ, ஒன்றைக்கூடப் பாதியில் விடவில்லை.

பக்கத்துத் தெருத் தையற்காரரின் மகன் பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்தான். அவன் திரும்பிப் போகிற அன்று, அவனிடம் கொடுத்தனுப்ப ஸ்வெட்டர்களை அடுக்கிய பெட்டியோடு திருச்சி ஜங்ஷனுக்குப் போனோம். "ஒண்ணு போட்டுக் காட்டுங்க தம்பி" என்று நீ கேட்டாய். கத்திரி வெயில். அந்தப் பிள்ளை மறுக்காமல் பிளாட்பாரத்தில் நின்றபடியே போட்டுக்கொண்டான். முகத்தில் வியர்வை ஊற்றியது.

"கழுத்து உறுத்துதா?"

"இல்லீங்கக்கா, மெத்துன்னு இருக்கு."

நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். சில வாரம் கழித்து அவன் அப்பா வீட்டுக்கு வந்து, "போய்ச் சேந்துடுச்சும்மா, ஆளுக்கொண்ணாப் போட்டுக்கிட்டானுங்களாம்" என்றார். "இப்பத்தான்டி முடிஞ்சுது" என்று நீ சொன்னது அன்றைக்குத்தான்.

போன வருஷம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. தலைவியம்மாள் பெரிய ரோஜா மாலையோடு வந்தாள். "நம்ம சங்கத்துக்காகவே உழைச்ச பொண்ணு" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். உன் மகள் பக்கத்தில் நின்றாள். கொல்லைப்புறம் போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு "குடுத்தாச்சு" என்று யார் சொன்னாலும், "யார் கையில?" என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. போன மாதம் ஆற்றோரக் குடிசைகள் எரிந்தபோது நம் தெருப் பெண்கள் பழைய புடவைகள் சேர்த்தார்கள். அவர்களிடமும் அதையே கேட்டேன். "இவளுக்கு எதுலயும் சந்தேகம்தான்" என்று முகத்தைச் சுளித்தார்கள். சுளிக்கட்டும். மூட்டையோடு நானும் வண்டியில் ஏறிப் போனேன். குடிசை இழந்த ஒருத்தி தன் பங்குப் புடவையை உதறி, கரிபிடித்த பாவாடைமேல் சுற்றிக் கட்டிக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகினாள். அதைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குத் திரும்பினேன்.