வெள்ளை முதலில், கறுப்பு கடைசியில்

மேடம்,

நேற்று ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை ஷட்டருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை பட்டதும் உங்கள் ஞாபகம் வந்தது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

நீங்கள் கெமிக்கல் இன்ஜினியரிங் பிள்ளைகளை ஒரகடத்தில் எங்கள் பெயிண்ட் கம்பெனிக்கு அழைத்து வந்தது, பழைய நோட்டு செல்லாதென்று ஊரே பேங்க் வாசலில் நின்ற மாதம். அடுத்த மாதம்தான் வர்தா புயலில் எங்கள் முருங்கை சாய்ந்தது.

நானும் ஏழுமலையும் கன்னியம்மாவும் கலவைத் தொட்டி கழுவுகிறவர்கள். கலர் மாறும்போதெல்லாம் கழுவ வேண்டும். அந்தக் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்ய உங்கள் பிள்ளைகள் ஆளுக்கொரு பெரிய மிஷினை வரைந்து வைத்திருந்தார்கள்.

"மிஷின் இருக்கட்டும். இந்தத் தண்ணி எதுக்கு வருது?" என்றீர்கள்.

"கழுவாம முடியாது மேடம்" என்றபடி ஒரு பையன் அதையே எழுதிக்கொண்டான்.

எனக்குப் பதில் தெரியும். கன்னியம்மா என் இடுப்பில் இடித்தாள். "வாயத் தொறக்காத மாரிண்ணா. நம்ம சோத்துல நாமே மண்ணு போட்டுக்கறதா?"

எனக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் கண்ணெதிரே ஒருவன் தப்பாக எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "கறுப்பு ஓட்டிட்டு வெள்ளை ஓட்டுனா கழுவித்தான் ஆவணும். வெள்ளைய மொதல்ல ஓட்டு. அப்பால மஞ்ச, செவப்பு, கடைசியா கறுப்பு. வெள்ளை கொஞ்சம் ஒட்டிக்கினு இருந்தா மஞ்சளுக்கு இன்னா கேடு?"

பையன் எழுதியதை அடித்தான். நீங்கள் சிரிக்கவில்லை. "இத்தன நாளா ஏன் சொல்லல, அண்ணே?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். நான் கன்னியம்மாவைப் பார்த்தேன். உங்களுக்குப் புரிந்துவிட்டது.

கம்பெனி அப்படியே மாற்றியது. பொங்கல் கழிந்ததும் சூப்பர்வைசர் வந்தார். "தொட்டிக்கு ஒரு ஆள் போதும்." ஏழுமலையும் கன்னியம்மாவும் வீட்டில் உட்கார்ந்தார்கள். வழியில் பார்த்தால் அவள் எனக்கு முகம் கொடுக்கவில்லை.

விஷயம் தெரிந்து நீங்கள் திரும்பி வந்தீர்கள். கையில், நான் சொன்ன கலர் வரிசையைப் பிள்ளைகள் புதிதாக வரைந்த படம். மூலையில் எங்கள் மூன்று பேர் பெயர். மேனேஜர் முன்னால் அதை விரித்து, "தண்ணிய மிச்சம் பண்ணிட்டு ஆளக் கழிச்சு விட்டா, அந்த டிசைனுக்கு நான் மார்க் போட மாட்டேன் சார்" என்றீர்கள். பேச்சு மதியம் வரை போனது. கன்னியம்மாவுக்கு பேக்கிங்கில் வேலை கிடைத்தது. ஏழுமலைக்குக் கிடைக்கவில்லை. அதை அவர் என்னிடம் ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. நான்தான் மறக்கவில்லை.

அந்தப் படத்தை எனக்கே கொடுத்துவிட்டீர்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் எந்தப் பெயர் எங்கே என்று விரல் வைத்துக் காட்டுவேன். கொரோனாவில் நீங்கள் போய்விட்டீர்கள். போன ஆடியில் ஏழுமலையும்.

நேற்று அந்தப் பெயிண்டர் கறுப்பு பார்டரை முடித்துவிட்டு, வெள்ளைக்காக அதே பிரஷ்ஷைக் கழுவிக் கழுவிப் பார்த்தான். "வெள்ளைய மொதல்ல அடிச்சிருக்கலாம்பா" என்றேன்.

பக்கத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்: "உனுக்கு இன்னும் வாய் அடங்கல மாரிண்ணா."

என்னோடு அந்தத் தொட்டி கழுவியவர்களில் இன்னும் இருப்பது அவள் ஒருத்திதான், மேடம். கன்னியம்மா.