வாலு எந்த வீட்டில் இருக்கிறாள்

ஜனவரி 9

வீட்டு எஜமானிக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். சண்டை போட ஆள் இல்லாமல் கொஞ்சம் இளைத்திருப்பாய், அவ்வளவுதான்.

போனில் பேசினால் சண்டை வருகிறது, எழுதினால் பாதிக் கோபம் தாளிலேயே வடிந்துவிடும் என்று நீதான் சொன்னாய். ஆகவே எழுதுகிறேன். என் கையெழுத்தைப் படித்து முடிப்பதற்குள் மீதிப் பாதியும் வடிந்துவிடும்.

புது ஃபிளாட்டில் குடியேறி ஒரு வாரம் ஆகிறது. ஊரின் நட்டநடுவில், நாலாவது மாடி. "ரொம்ப கலகலப்பான ஏரியா சார், தனியா இருக்கோம்னே தோணாது" என்றார் தரகர். மனிதர் பொய் சொல்லவில்லை. விடிவதற்குள் கீழே பேக்கரிக்காரர் தட்டுகளை உருட்டுகிறார். அவர் ஓய்ந்தால் சலூன்காரரின் ரேடியோ. அது ஓய்ந்தால் எதிர்த் தியேட்டரிலிருந்து சிரிப்பு. எந்தப் படம் தேறும், எது தேறாது என்று டிக்கெட் வாங்காமலே சொல்லிவிடுவேன். பால்கனி என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதில் நானும் என் தொப்பையும் ஒரே சமயத்தில் நிற்க முடியாது, முறைவைத்துத்தான் நிற்கிறோம்.

ஆனால் வீடு புத்தம் புதுசு. சுவரில் ஓர் ஆணி அடித்த ஓட்டைகூட இல்லை. இதுவரை யாரும் இந்த வீட்டில் இருமியதில்லை, அழுததில்லை. எனக்கு வேண்டியது அதுதான்.

நம் வாலு காய்ச்சலில் போய் மூன்று வருடம் ஆகிறது. பள்ளி விடும் நேரத்துக்குக் கூடத்தில் அவள் பை விழும் சத்தமும், பின்னறை வரை ஓடும் காலடியும் உனக்குக் கேட்கிறது. நானும் மூன்று வருடமாகக் காதைத் தீட்டிப் பார்த்துவிட்டேன். எனக்குக் கேட்டதெல்லாம் குழாயில் ஏறும் காற்று. அதை வாய்விட்டுச் சொன்னதற்குத்தான் நீ என்னோடு பேச்சை நிறுத்தினாய். கேட்பவளும் கேட்காதவனும் ஒரே வீட்டில் எத்தனை நாள் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்பது?

கோபம் ஆறினால் வா. உன் தையல் மெஷினுக்கு ஜன்னலோரம் இடம் விட்டிருக்கிறேன். இன்னோர் அறையும் இருக்கிறது. அதில் நான் ஒன்றும் வைக்கவில்லை. "ஒத்த ஆளுக்கு எதுக்கு சார் ரெண்டு ரூம்?" என்று தரகர் கேட்டார். இருமிச் சமாளித்தேன். ஆக, இந்த வீட்டில் முதலில் இருமியவன் நான்தான்.

ஊரார் பல்லைக் கட்டிப் பிழைக்கும்,
உன் வீட்டுக்காரன்.


ஜனவரி 15

வாலுவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வீடு வாய்த்ததில் சந்தோஷம். புதுச் சுவரில் ஈரம் இருக்கும், கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். உங்கள் சளி ஊரறிந்தது. சாம்பல் நிற ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

நான் வரவில்லை. அவள் பள்ளி விட்டு வரும்போது வீட்டில் யார் இருப்பார்கள்? நான் தையல் கடையை வீட்டு முன்னறையில் வைத்ததே அதற்காகத்தான். இது உங்களுக்குத் தெரியாததில்லை, சும்மா கேட்கிறீர்கள்.

ஒரு விஷயம். நீங்கள் போனதிலிருந்து அவள் சத்தமே இல்லை. பை விழவில்லை, ஓடவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பார்க்கிறேன். நேற்று ஒரு அம்மாள் சட்டையின் கைக்கு அளவு கொடுக்க வந்தவள், "என்னக்கா, டேப்பைப் பிடிச்சிட்டு அப்படியே நின்னுட்டீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

அப்பா போய்விட்டார் என்ற கோபமாக இருக்கும். கோபம் வந்தால் பீரோவுக்குப் பின்னால் போய்ப் பேசாமல் நிற்கிறவள்தானே. உங்கள் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது. இரண்டு நாளில் சரியாகிவிடுவாள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

வாலுவின் அம்மா.


ஜனவரி 23

எஜமானிக்கு,

இதைச் சிரித்துக்கொண்டே எழுதப் பார்க்கிறேன்.

என் வீட்டுக்கு நேர் கீழே ஒரு டிரம்பெட்காரர் குடியிருக்கிறார். பகலெல்லாம் சாதகம். யானைக்குப் பல்வலி வந்தால் என்ன சத்தம் போடுமோ அந்தச் சத்தம். தொழில்முறையில் சொல்கிறேன். அப்படிப்பட்டவர் நேற்று படியேறி வந்து, சத்தம் தாங்கவில்லை என்று என்னிடம் புகார் சொன்னார்!

"சார், தப்பா நினைக்காதீங்க. பாப்பாவைக் கொஞ்சம் மெதுவா நடக்கச் சொல்லுங்க. ஸ்கூல் விட்டு வந்ததும் ஒரே ஓட்டம். என் தலைமேலேயே ஓடற மாதிரி இருக்கு."

"எந்தப் பாப்பா சார்? இங்க இருக்கற ஒரே பாப்பாவுக்கு ஐம்பத்தி மூணு வயசு. முட்டிவலி. ஓடச் சொன்னாலும் ஓடாது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் தோளுக்கு மேலே எட்டி, அந்தக் காலி அறையைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "ஸாரி சார்" என்று இறங்கிப் போனார்.

பிளம்பரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒரு ஸ்பேனரால் எல்லாக் குழாயையும் தட்டிப் பார்த்துவிட்டு, "புது லைன் சார், காத்தே இல்ல" என்றார். கொஞ்சமாவது காற்று இருக்கும் என்று இன்னொரு தடவை தட்டிப் பார்க்கச் சொன்னேன்.

இன்று பல் செட் செய்யும் லேபுக்குப் போகவில்லை. ஒரு ரிட்டயர்ட் நீதிபதியின் மேல்வரிசைப் பற்கள் மெழுகில் பாதியில் நிற்கின்றன. அவர் இன்னும் இரண்டு நாள் கஞ்சி குடிக்கட்டும். மத்தியானத்திலிருந்து கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தெருவில் பள்ளிப் பிள்ளைகளின் இரைச்சல் வந்தது, போனது. அப்புறம் வீட்டுக்குள்ளே, எனக்கு ஓரடி தள்ளி, தொப்பென்று ஒரு சத்தம். பிறகு காலடி. செருப்பில்லாத கால். அந்த அறை வரை ஓடி நின்றது.

எழுந்து போய்ப் பார்த்தேன். வெறும் தரை. ஜன்னல் சாத்தியிருந்தது.

எனக்கு இப்போது யாரிடமாவது பேச வேண்டும் போல் இருக்கிறது. உன்னைத் தவிர யாரிடம் பேசுவது?

நான்.


ஜனவரி 27

வாலுவின் அப்பாவுக்கு,

தொப்பென்ற சத்தம் முதலில், காலடி அடுத்தது என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? அவள்தான்.

எப்படி வந்தாள் என்று உங்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. கடைசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு நீங்கள் கிளம்பிய அன்று நான் கடையில் வாய் நிறைய குண்டூசியை வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் சொல்லக் கூடாது என்றே வைத்துக்கொண்டேன். நீங்கள் வாசலில் குனிந்து ஷூ லேஸ் கட்டினீர்கள். கட்டி முடித்து நிமிர்ந்து, வீட்டுக்குள் பார்த்து, "வாலு, போலாமா?" என்று குரல் கொடுத்தீர்கள்.

உங்களுக்கு நினைவே இருக்காது. பள்ளிக்குக் கொண்டுவிட்ட காலமெல்லாம் லேஸைக் கட்டினால் அடுத்து அந்தச் சொல்தான் உங்கள் வாயில் வரும். அவள் போன பிறகு நீங்கள் லேஸ் வைத்த ஷூவே போடவில்லை. மூன்று வருடமும் செருப்பைத் தேய்த்துக்கொண்டுதான் லேபுக்குப் போனீர்கள். அன்றைக்கு, புது வீட்டுக்குப் போகிறோம் என்று புது ஷூ. கை முடிச்சைப் போட்டதும் வாய் தானாகக் கூப்பிட்டுவிட்டது.

அப்பா கூப்பிட்டால் அவள் நிற்பாளா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் உங்களோடு கிளம்பிவிட்டாள்.

உங்களுக்குத் தியேட்டர் இருக்கிறது, பேக்கரி இருக்கிறது, நீதிபதியின் பல் இருக்கிறது. எனக்கு அந்த ஒரு சத்தம்தான் இருந்தது. நீங்கள் இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்ன சத்தம். அதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள்.

கொண்டுவந்து விடுங்கள்.


பிப்ரவரி 6

எஜமானிக்கு,

உடனே பதில் எழுதாததற்குத் திட்டாதே. திட்டினாலும் சரி.

உண்மையைச் சொல்கிறேன். கொடுக்க மனம் வரவில்லை. தினமும் லேபிலிருந்து சீக்கிரம் கிளம்பினேன். "என்னண்ணே, வீட்ல விசேஷமா?" என்று லேபில் கேலி செய்தார்கள். ஓடி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். பை விழும். காலடி ஓடும். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எனக்குப் பசித்தது. தூக்கம் வந்தது. நீ மூன்று வருடம் எதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று தெரிந்துகொண்டேன். அப்புறம் அதை எப்படி நானே வைத்துக்கொள்வது?

முந்தாநாள் கொண்டுவந்து விட்டேன். நீ ஒரு கிழவருக்குக் கால்சட்டை அளவெடுத்துக்கொண்டிருந்தாய், அதனால் நான் உள்ளே வரவில்லை.

லேஸைக் கட்டிவிட்டு, "வாலு, போலாமா?" என்றேன். இந்தத் தடவை தெரிந்தே. கதவைக் கொஞ்ச நேரம் திறந்தே பிடித்திருந்தேன். டிரம்பெட்காரர் படியில் வந்துகொண்டிருந்தவர், சுவரோடு ஒட்டி வழிவிட்டார். ஒருவருக்கு வேண்டியதைவிட அதிகமாகவே விட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோர இடத்தைக் காலியாக வைத்து, பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். "அங்க யாரு சார்?" என்று ஒரு குண்டு மனிதர் கேட்டார். "ஆள் வருது" என்றேன். அவர் மூன்று ஸ்டாப் வரை என்னை முறைத்துக்கொண்டே வந்தார்.

மார்க்கெட்டில் பஸ் மாற வேண்டுமே, அங்கே நல்ல கூட்டம். குழந்தையைப் பிடிப்பது போலக் கையைத் தாழ்த்தி நீட்டிக்கொண்டே நின்றேன். சவரம் செய்யாத முகம், இந்த வயிறு, நீட்டிய கை. ஒரு புண்ணியவதி உள்ளங்கையில் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். கை தானாக மூடிக்கொண்டது. ஓடிப்போய்த் திருப்பிக் கொடுத்தேன். "அம்மா, நான் பிச்சைக்காரன் இல்லம்மா, பல் கட்றவன்" என்றேன். அவள் பயந்துவிட்டாள். அதற்குள் அடுத்த பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

நம் வாசலில் கேட்டைத் திறந்து, "உள்ள போடா, அம்மா இருக்கா" என்றேன். கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

இங்கே இப்போது ஒரு சத்தமும் இல்லை. டிரம்பெட்காரர் நேற்று வந்து, "பாப்பா ஊருக்குப் போயிருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். இரண்டு நாளாக அவரும் வாசிக்கவில்லை.

வந்து சேர்ந்தாளா? ஒரு வரி எழுது.

வாலுவின் அப்பா.


பிப்ரவரி 10

வாலுவின் அப்பாவுக்கு,

வரவில்லை.

நீங்கள் வந்து போன அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. பீரோவை நகர்த்திக்கூடப் பார்த்துவிட்டேன். உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மார்க்கெட்டில் கையை மூடினீர்கள். அந்த அம்மாளின் பின்னால் ஓடினீர்கள். திரும்பி வந்து கையை நீட்டியதாக எழுதவில்லை. அடுத்த பஸ்ஸில் பக்கத்து இடத்தைப் பிடித்ததாகவும் எழுதவில்லை.

திட்டுவதற்காக இதை எழுதவில்லை. எனக்கு இருக்கிற பயத்தில் திட்டவும் தோன்றவில்லை. அவள் தனியாக ரோடு தாண்டியதில்லை.

கடையை மூடிவிட்டேன். கல்யாணப் புடவைக்கு பிளவுஸ் கேட்டு வந்த பெண்ணிடம், "என் பொண்ணைத் தேடணும்மா, வேற இடத்துல குடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டேன். அவள் துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

இந்தச் சனிக்கிழமை, பள்ளி விடும் நேரத்துக்கு நான் இங்கிருந்து நடக்கிறேன். நீங்கள் அங்கிருந்து நடங்கள். பஸ்ஸில் ஏற வேண்டாம், பஸ்ஸிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பஸ் போகும் ரோட்டிலேயே வாருங்கள். மீன்தொட்டி வைத்த கடை எதுவானாலும் வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். குட்டி போட்ட நாய் படுத்திருந்தால் நில்லுங்கள். பாலத்தின் கைப்பிடியில் கம்பிக்குக் கம்பி தட்டிக்கொண்டே வருவாள், காதைக் கொடுத்துக் கேளுங்கள். உங்களுக்கு இப்போதுதான் கேட்கிறதே.

யார் கண்ணில் முதலில் படுகிறாளோ அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கட்டும். எந்த வீட்டுக்கு என்பதை அப்புறம் அவளையே கேட்டுக்கொள்ளலாம்.

நடந்து நடந்து நாம் இருவரும் வெறும் கையோடு நேருக்கு நேர் வந்துவிட்டால், அவள் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அப்படி ஆனால் என்னைப் பார்த்ததும் எதுவும் வேடிக்கையாகச் சொல்லாதீர்கள். பக்கத்தில் வந்து நில்லுங்கள். சேர்ந்து திரும்பி, முதலிலிருந்து தேடலாம்.

ஸ்வெட்டரைக் கொண்டுவருகிறேன்.

வாலுவின் அம்மா.