மாற்றி வைத்த டப்பா

மார்ச் 3, காலை 7.10
நான் காவல்-மூன்று. கருங்கண் ஏரியின் கரைப்பாதையில் ரோந்து போகும் இயந்திரம். நிலநடுக்கத்துக்குப் பிறகு ஏரியின் அடியிலிருந்து கரியமில வாயு கசிகிறது. நிறம் கிடையாது, வாடை கிடையாது. காற்றைவிடக் கனம் என்பதால் பள்ளங்களில் தேங்கும். அங்கே குனிந்தவன் நிமிரமாட்டான். அதனால் பாதையை அடைத்துவிட்டார்கள். மனித நடமாட்டம் இல்லை. நிம்மதி.

மார்ச் 5, மாலை 4.30
நிம்மதி போச்சு. வேலியில் ஓட்டை போட்டு இரண்டு பேர் நுழைந்தார்கள். புதையல் வேட்டையாம். யாரோ ஒரு டப்பாவைக் காட்டில் ஒளித்து, இடத்தின் எண்களை இணையத்தில் போடுவாராம். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பேர் எழுதி, ஒரு பொம்மையை எடுத்துக்கொண்டு இன்னொரு பொம்மையை வைப்பார்களாம். இதற்கா சாக வருகிறீர்கள்? சைரன் அடித்து விரட்டினேன். போகிற போக்கில் என்னோடு செல்ஃபி எடுத்தார்கள். எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 6, காலை 9.00
விடியற்காலையில் காட்டெருமை முட்டித் தள்ளியது. இருப்பிடம் காட்டும் ஆன்டெனா வளைந்திருக்கிறது. வேலை செய்கிறது, போதும்.
அந்த டப்பா படகுத்துறைக்குக் கீழே, வாயு தேங்கும் பள்ளத்தில் இருக்கிறது. தூக்கி எறியப் போனேன். நிலையத்திலிருந்து வேதவல்லி மேடம் தடுத்தார்: "எறிஞ்சிடாத. காணோம்னு தெரிஞ்சா வச்சவர் அங்கயே இன்னொண்ணு வைப்பாரு. மேட்டுக்கு மாத்திட்டு, புது எண்ணை அவங்க இணையப் பக்கத்துலயே போட்டுடு."

மார்ச் 6, மதியம் 1.40
யானைப்பாறை உச்சியில் வைத்தேன். நல்ல காற்று. அங்கே நின்றபடியே எண்ணைப் பதிந்தேன். எண்ணைப் போட்டவர், வேறொரு கருவியில் அது காட்டும் இடத்துக்கு ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய வழக்கமாம். வேலைவெட்டி இல்லாதவர்களின் வழக்கம். நான் இயந்திரம், எனக்கு எதற்கு?

மார்ச் 8, காலை 10.15
டப்பா இருக்கிறதா என்று பார்க்க மறுபடி யானைப்பாறை ஏறினேன். இறங்கும்போது வலதுகால் பாறை இடுக்கில் சிக்கியது. உதவி கேட்டு என் இருப்பிடத்தை நிலையத்துக்கு அனுப்பினேன்.
"காவல்-மூணு, நீ பாறையில இல்லையே. மூங்கில் பள்ளத்துல இருக்கறதா காட்டுது."
பக்கத்திலிருக்கும் நில அளவைக் கல்லில் பொறித்த எண்ணோடு ஒப்பிட்டேன். மேடம் சொன்னதுபோல என் எண் பள்ளத்தைத்தான் காட்டுகிறது. எருமை முட்டியதிலிருந்து நான் சொல்லும் இடமெல்லாம் தப்பு. நான் பதிந்த எண் மூங்கில் பள்ளத்தின் எண். ஏரிக்கரையிலேயே வாயு அதிகம் தேங்கும் பள்ளம் அது.

10.30
பதிவை அழித்தேன். அதற்குள் எல்லோரும் எண்ணைப் போனில் இறக்கி வைத்துவிட்டார்கள். அந்த இணையப் பக்கத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார்:
"இன்னாசி கெளம்பியாச்சு. வேலி தாண்டியாச்சு. மொத ஆளு நான்தான்."
எழுதினேன்: "வராதீர்கள். எண் தப்பு. அங்கே விஷவாயு. செத்துப்போவீர்கள். இப்படிக்கு காவல்-மூன்று."
"செல்ஃபி ரோபோவா? அது பேர்ல எழுதற ஆளு யாருப்பா? இப்படி மெரட்டுனா டப்பா பக்கத்துலதான் இருக்குன்னு அர்த்தம். நாங்க பாக்காத வித்தையா!"

10.50
மேடம்: "அந்தப் பக்கத்தை நடத்தறவங்க போனை எடுக்கல. நம்ம ஆளுங்க வந்து சேர இருட்டிடும். எப்படியாவது போய் மறி!"
காலை இழுத்தேன். முறிந்தது. நகர முடியவில்லை. சைரனை முழு சத்தத்தில் வைத்தேன்.
"சைரன் கேக்குது. கரெக்டான ரூட்டுதான்!"

11.20
தெரிகிறார். கீழே, மூங்கிலுக்கு நடுவே, நீலத் தொப்பி. ஒலிபெருக்கியில் கத்தினேன். என்னைப் பார்த்துக் கையசைத்தார். எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னாசி, குனியாதீர்கள். தயவுசெய்து
குனிந்தார்.

2.05
தொப்பி அசையவில்லை. அவர்கள் வழக்கப்படி அந்த எண்ணை ஒருமுறை நடந்து பார்த்திருக்கலாம். இவரை மடையன் என்று நினைத்த நானே மடையன்.
இணையப் பக்கத்தில் புதிய செய்தி:
"இன்னாசிண்ணே, கெடச்சுதா? சத்தத்தையே காணோம்? ஒளிஞ்சு வெளாடறீங்களா? நாங்க நாலு பேரு வேலிகிட்ட வந்துட்டோம்."

2.10
மின்கலம் தீர்கிறது. எழுதினால் நம்பமாட்டார்கள். சைரன் அடித்தால் அதைப் பிடித்தே வருவார்கள். அடிக்காவிட்டாலும் வருவார்கள். மேடம், என்ன செய்யட்டும்? மேட

2.40
நிலையத்தோடு தொடர்பு போய்விட்டது. சிரிப்புச் சத்தம் கேட்கிறது. மூங்கில் பக்கம்