பெயர் சொல்லாமல் ஒரு ஜெபம்

ஜூன் 3, புதன்

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முடிவு ஜெபம் நான்தான் செய்யவேண்டும் என்று பெண்கள் ஜெபக்குழுத் தலைவியம்மா போன் செய்தார். "உங்க ஜெபம்னாலே கூட்டம் கூடுது" என்றார். எல்லாம் கர்த்தருடைய கிருபை. ஆனாலும் எத்தனை பேர் கூடுகிறார்கள் என்று கேட்டிருக்கலாம்.

பல் டாக்டர் கிளினிக்கில் இன்று ஓயாத வேலை. வரவேற்பு மேஜையில் இருந்தபடியே ஜெபத்துக்கு இரண்டு அருமையான வரிகள் தோன்றின.

இரவு சாப்பாட்டுக்கு முன் வீட்டுக்காரர் ஜெபித்தார். "ஆண்டவரே, நன்றி. ஆமென்." அவ்வளவுதான். இன்னும் நாலு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

ஜூன் 5, வெள்ளி

இன்று ஜெபத்தில் நல்ல அபிஷேகம், ஆவியானவர் இறங்கினார். மூன்று பேர் அழுதார்கள். கண்ணை மூடிக்கொண்டிருந்த உனக்கு எப்படித் தெரியும் என்கிறார் இவர். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் காதில் விழாதா?

ஜூன் 8, திங்கள்

மகள் வந்தாள். இரண்டாம் மாதமாம். போன வருடம் ஒன்று தங்காமல் போனதிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். கட்டிப்பிடித்து அழுதேன்.

"அம்மா, மூணு மாசம் முடியற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே. அத்தைக்கே இன்னும் சொல்லல" என்றாள். அத்தை என்றால் அவள் மாமியார், என் சம்பந்தியம்மா. அவரும் எங்கள் ஜெபக்குழுதான்.

எனக்கா சொல்லித்தர வேண்டும்? இந்த வட்டாரத்தில் யார் யாருக்குப் பொய்ப்பல் என்று அத்தனையும் எனக்குத் தெரியும். இதுவரை ஒருவர் பெயர் வெளியே வந்ததுண்டா?

ஜூன் 12, வெள்ளி

ஜெபம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில், "போன வருடம் ஒன்றை இழந்து, இப்போது மறுபடியும் கர்ப்பத்தில் சுமக்கிற உமது இளம் அடியாளை நினைத்தருளும்" என்று வந்துவிட்டது. பெயர் சொல்லவில்லை. பெயர் சொல்லவே இல்லை. குரல் தழுதழுத்தது, அது என் கையிலா இருக்கிறது? "அவளைப் பெற்றவளின் கண்ணீரையும் பாரும்" என்று சேர்த்தேன். அந்த இடம் நன்றாக அமைந்தது.

கண்ணைத் திறந்தால் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். சம்பந்தியம்மா அதற்குள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

ஜூன் 13, சனி

மகள் வாசலோடு நின்றுகொண்டாள்.

"நான் பேரைச் சொல்லலையே" என்றேன்.

"சொல்லியிருந்தாலாவது பரவால்ல. ஆளாளுக்கு உக்காந்து கண்டுபிடிச்சிருக்காங்க. காலையிலேர்ந்து போன் மேல போன். அத்தை ராத்திரியே வந்துட்டாங்க. ஊருக்கே தெரிஞ்சப்புறம்தான் எனக்குத் தெரியணுமான்னு அவங்க அழறாங்க."

"ஜெபத்துலதானேடி சொன்னேன்."

"நீ யார்கிட்டம்மா பேசிட்டிருந்தே?"

ஜெபிக்கிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? கோபம் ஆறினால் தானே வருவாள். தலைவியம்மா மட்டும் ஆறுதலாகப் பேசினார். மகளுக்காகச் சங்கிலி ஜெபம் ஏற்பாடு செய்துவிட்டாராம். வீட்டுக்கு ஒரு மணி நேரம். இதுவரை தெரியாமல் இருந்த வீடுகளுக்கும் இனித் தெரிந்துவிடும்.

ஜூன் 21, ஞாயிறு

மகள் இன்னும் வரவில்லை. போனையும் எடுப்பதில்லை. ஆலயத்தில் தூரத்து வரிசையில் உட்கார்ந்தாள்.

ஜூன் 30, செவ்வாய்

மருமகன் பிளாஸ்க் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டுப் பிளாஸ்க். அது காணாமல் போனதே எனக்குத் தெரியாது.

போன வாரம் மகளுக்கு ரத்தப்போக்கு ஆகி, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்களாம். குழந்தைக்கு ஒன்றுமில்லை. தினமும் பட்டறை வேலை முடிந்து என் வீட்டுக்காரர் நேரே அங்கே போயிருக்கிறார். என்னிடம் மட்டும் வேலை அதிகம் என்று சொல்லியிருக்கிறார்.

"என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"தோணுச்சு. அவ வேணாம்னுட்டா."

வேணாம்னுட்டா. பெத்த பொண்ணு பயந்து போய் ஆஸ்பத்திரியில கிடந்திருக்கா, அம்மா வேணாம்னு சொல்லியிருக்கா. நான் இங்க உக்காந்து வெள்ளிக்கிழமைக்கு வார்த்தை பொறுக்கிட்டிருந்தேன் — அடிப்பாவி, உன் வாயில தீயை வைக்க.

ஜூலை 1, புதன்

அறைக்கதவைச் சாத்திவிட்டு முழங்காலில் நின்றேன். "சர்வ வல்லமையும் மகா இரக்கமும் நிறைந்த..." என்று எடுத்தேன். அடுத்தது வரவில்லை. யாராவது 'ஆமென்' போடட்டும் என்று வாய் காத்திருந்தது. யார் போடுவார்கள், சுவரா? இத்தனை வருடமாக ஊருக்கெல்லாம் ஜெபித்தவளுக்கு, கேட்க ஆள் இல்லாவிட்டால் ஜெபிக்கத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

ரொம்ப நேரம் கழித்து, "ஆண்டவரே, அவ என்கிட்ட பேசணும்" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் அழுகைதான். அதை யாரும் பார்க்கவில்லை.

ஜூலை 5, ஞாயிறு

இன்றும் கதவைச் சாத்திக்கொண்டேன். முழங்கால் வலித்தது. பார்க்கத்தான் ஆள் இல்லையே என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். கர்த்தர் ஒன்றும் கோபித்துக்கொண்ட மாதிரி இல்லை. சும்மா இருந்தேன். எழுந்திருக்க மனம் வரவில்லை.

ஜூலை 10, வெள்ளி

முடிவு ஜெபம் என்னுடையது. "ஆண்டவரே, இங்கே இருக்கிற ஒவ்வொருத்தர் பாரமும் உமக்குத் தெரியும். ஆமென்."

ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் வரும் என்று காத்திருந்தார்கள். கடைசியில் தலைவியம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்து, "உடம்பு கிடம்பு சரியில்லையா? ஜெபக்குறிப்புல சேர்த்துடவா?" என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன்.

வெளியே வரும்போது சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடந்தார்.

ஜூலை 18, சனி

மகள் வந்தாள். வயிறு லேசாகத் தெரிகிறது. நேரே சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு விஷயம் சொன்னாள். என்னவென்று இந்த டைரியில்கூட எழுதப்போவதில்லை. கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள்.

அவள் போன பிறகு இவர் மெல்ல எட்டிப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் தானாக வந்து எதையும் கேட்டதில்லை.

"கதவைச் சாத்திட்டு அப்படி என்ன சொன்னா?"

"அவகிட்டயே கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனேன்.