கை மாறி வந்த குரல்

அன்புள்ள அம்மாவுக்கு ஸலாம். அத்தாவின் இருமல் நின்றதா? காந்தலூரில் குளிர் தாங்கவில்லை. என் ஸ்வெட்டரைக் கொடுத்தனுப்புங்கள்.

மார்பில் கட்டி தட்டுப்படுகிறது என்று அழுதபடி உங்களுக்கு மட்டும் வாட்ஸப்பில் பேசி அனுப்பினேன் அல்லவா? வைத்தியம் கேட்டு அதை நீங்கள் நம் ஊர்க் கொல்லங்கோட்டுக் குரூப்பில் போட்டிருக்கிறீர்கள். கை மாறிக் கை மாறி நேற்று இங்கேயே வந்துவிட்டது. என்னோடு விடுதியில் வேலை செய்யும் முருகேஸ்வரி அதை எனக்கே போட்டுக் காட்டினாள். கருஞ்சீரகத்தை அரைத்துப் பூசச் சொல்லி யாரோ கீழே எழுதியிருந்தார்கள். சிரிப்புத்தான் வந்தது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். டாக்டர் என்ன சொன்னாலும் இனி தாளில்தான் எழுதுவேன்.

அழுகையில் என் குரல் முருகேஸ்வரிக்கு அடையாளம் தெரியவில்லை. "பாவம், யாரு பெத்த புள்ளையோ" என்றாள். உங்கள் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மகள்
ஷமீமா