இரண்டு தோளும் ஓர் ஆப்பரேஷனும்

என் அருமை மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் உன் அப்பாவுக்கும் எனக்கும் சேர்த்து இருக்கிற நாலு கையில் இன்றைய தேதிக்கு இரண்டரைதான் சுகம். பதறாதே, எல்லாம் முடிந்து எட்டு வாரம் ஆகிறது, இனிமேல் பதறி ஆகப்போவது ஒன்றும் இல்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், முழங்கைக்குக் கீழே தலையணையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் பாதியில் நீ அழுவாய், உன் அப்பா போனைப் பிடுங்கித் தன் தோள் புராணத்தை ஆரம்பிப்பார். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

அப்பாவுக்குத் தோள் வலி என்பது உனக்குத் தெரியும், தெரியாதவர்கள் இந்தத் தெருவில் யாரும் இல்லை. ஆபீஸில் முப்பது வருடம் ரப்பர் ஸ்டாம்பைத் தவிர வேறு எதையும் தூக்காத மனுஷன், ரிட்டயர் ஆன நாலாவது மாதம் பக்கத்து மைதானத்தில் இருபது வயதுப் பையன்களோடு ஷட்டில் ஆடப் போனார். ஓங்கி ஓர் அடி அடித்தாராம், பந்து வலையில் விழுந்தது, இவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். போர்முனையில் இருந்து திரும்பியவர் மாதிரி வீட்டுக்குள் வந்தார். ஸ்கேன் எடுத்தார்கள். முதல் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "சார், இந்த வயசுல தோள் நார் கொஞ்சம் இழை பிரிஞ்சிருக்கும், வலியே இல்லாத நிறையப் பேருக்கும் படம் எடுத்தா இப்படித்தான் தெரியும், கத்தியே வேணாம், மூணு மாசம் பயிற்சி பண்ணுங்க போதும்" என்றார். வேறு யாராவது என்றால் நல்லகாலம் என்று திரும்பி வந்திருப்பார்கள். உன் அப்பாவுக்கோ முகம் சுருங்கிப்போயிற்று. வெளியே வந்ததும், "இவனுக்கு ஆப்பரேஷன் பண்ணத் தெரியாது போல" என்றார். இரண்டாவது டாக்டரும் அதையேதான் சொன்னார், அவருக்கும் அதே பட்டம் கிடைத்தது.

ஏன் இந்த ஆப்பரேஷன் மோகம் என்று கேள். அவருடைய பழைய மேனேஜர் போன வருடம் தோளில் ஆப்பரேஷன் பண்ணிக்கொண்டார் அல்லவா, அவரைப் பார்க்கப் போயிருந்தோம். மனுஷன் கழுத்தில் நீலப் பட்டையை மாட்டிக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நாலு தலையணைக்கு நடுவே ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார், சுற்றிலும் பழக்கூடைகள், பார்க்க வந்தவர்களுக்கு உட்கார நாற்காலி போதவில்லை. உன் அப்பா அந்த நீலப் பட்டையைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன், கல்யாணமான புதிதில்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. நடுவில் நீ வேறு. தினமும் காலையில் அவருக்கு ஒரு கட்டுரை, ஒரு வீடியோ, எந்தத் தையல் உசத்தி, எத்தனை துளை போடுவார்கள் என்று. "நம்ம பொண்ணே ஆப்பரேஷன்தான் பெஸ்ட்டுன்னு சொல்றா" என்று அதை ஒவ்வொருவருக்கும் காட்டினார். கம்ப்யூட்டர் படித்த பெண் எப்போது எலும்பு டாக்டர் ஆனாள் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும்தான் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நான் விழுந்தேன். என் பார்லரின் பின்பக்கப் படியில் தலை அலசிய தண்ணீர் வாளியோடு இறங்கும்போது கால் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். தோளுக்குள்ளே துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. எழுந்து புடவையை உதறிக்கொண்டு உள்ளே போய், காத்திருந்த அம்மாளுக்கு முடி வெட்டி முடித்தேன். அன்று சாயங்காலத்தில் இருந்து கை மேலே வரவில்லை. தைலம் தேய்த்தேன். டிரையரை இடது கைக்கு மாற்றினேன், கத்தரி பிடிக்கும்போது முழங்கையை நாற்காலி முதுகில் முட்டுக்கொடுத்துக்கொண்டேன். பார்லரில் கூட்டாளியாக இருக்கிறாளே அந்த மகராசி, கண்ணாடியில் தன் புருவத்தைத் தவிர வேறு எதையும் பார்க்காதவள், "அக்கா, வர வர ரொம்ப ஸ்லோ ஆயிட்டீங்க" என்று மட்டும் சொன்னாள். வீட்டில் உன் அப்பாவால் கையைத் தூக்க முடியாதாம், சட்டையை நான்தான் மாட்டிவிட வேண்டும், முதுகுக்கு நான்தான் சோப்புப் போட வேண்டும். மூன்று வாரம், கிழிந்த தோளை வைத்துக்கொண்டு கிழியாத தோளுக்குச் சட்டை மாட்டிவிட்டேன்.

மூன்றாவது டாக்டர் கொஞ்சம் வயதானவர், அதிகம் பேசாதவர். அவருடைய அறையில் படம் பார்க்கிற விளக்குப் பெட்டி சுவரில் உயரத்தில் இருந்தது. நர்ஸ் வெளியே போயிருந்ததால், "அந்தப் படத்தைக் கொஞ்சம் மாட்டுங்கம்மா" என்று என்னிடம் சொன்னார். நான் வழக்கம்போல இடது கையால் வலது கையைத் தாங்கித் தூக்கி மாட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "அந்தக் கையைத் தனியாத் தூக்குங்க" என்றார். தூக்க வரவில்லை. அவரே எழுந்து வந்து என் கையைப் பக்கவாட்டில் உயர்த்திப் பிடித்து, "நான் விடறேன், நீங்க அப்படியே நிறுத்துங்க" என்றார். விட்டார். நனைந்த துண்டு மாதிரி கை தொப்பென்று விழுந்தது. அப்போது உன் அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஓர் எழுத்துகூடக் கூட்டவில்லை. "டாக்டர், பேஷன்ட் நான்."

எனக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். தோளைத் தூக்குகிற நார் எலும்பில் இருந்து முழுசாகப் பிய்ந்து பின்னால் போயிருந்தது. அப்பாவுக்குப் பயிற்சி, எனக்கு ஆப்பரேஷன் என்று ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா, "உனக்கு எதுக்கு ஆப்பரேஷன், தோளுக்குக் கத்தியே வேணாம்னு ரெண்டு டாக்டர் சொல்லிட்டாங்களே, பயிற்சி பண்ணாலே சரியாயிடும்" என்றார். தன் தோளுக்குச் செல்லாத பேச்சு பெண்டாட்டி தோளுக்குச் செல்லுபடி ஆகிவிட்டது பார். எனக்கும் பயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. இந்தக் கை போனால் நான் யார்? இருபத்திரண்டு வருடமாக இந்த ஊர்த் தலைகளை எல்லாம் வெட்டிச் சீவிய கை.

மறுநாள் தனியாகப் போய் டாக்டரிடம் கேட்டேன், பண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்று. அவர் பயமுறுத்தவும் இல்லை, தேனும் தடவவில்லை. "பயிற்சியிலயே சமாளிக்கிறவங்க உண்டும்மா. ஆனா உங்க தோள் நார் வயசானதால தேஞ்சது இல்ல, விழுந்து பிய்ஞ்சது, அதுவும் முழுசா. இப்ப இழுத்துத் தைக்கலாம். மாசக்கணக்கா விட்டா தசை சுருங்கிப் போயிடும், அப்புறம் நீங்களே வந்து கேட்டாலும் தைக்க முடியாமப் போகலாம்" என்றார். டிரையர் பிடிப்பேனா என்று கேட்டேன். "ஆறு வாரம் பட்டை, அப்புறம் மாசக்கணக்குல பயிற்சி. ஒழுங்காப் பண்ணா பெரும்பாலும் பிடிப்பீங்க. சில சமயம் தையல் பிடிக்காமலும் போகும். பயிற்சி பண்ணலேன்னா நிச்சயமாப் பிடிக்க மாட்டீங்க" என்றார். இந்தக் கதையில் எனக்கு இளக்காரமாகப் படாத ஒரே மனுஷன் அவர்தான். அங்கேயே கையெழுத்துப் போட்டேன்.

ஆப்பரேஷன் நல்லபடியாக நடந்தது. நீலப் பட்டை என் கழுத்துக்கு வந்தது. சட்டை மாட்டத் தெரியாத உன் அப்பா எனக்கு ரவிக்கை மாட்டப் பழகினார், முதல் வாரம் இருவரும் அழாத குறை. என் தலையை வாரிவிட்டார், வகிடு எங்கே தொடங்கி எங்கே போனது என்று அவருக்கே தெரியாது, அந்தக் கோலத்தில் நான் தெருவில் நடந்தேன், முடி அலங்காரம் செய்கிறவள்! ஒரு நாள் என் கையைப் பட்டைக்குள் வைத்துக்கொண்டே, "மூணு வாரமா ஏன் சொல்லல?" என்று கேட்டார். "நீங்க கேக்கல" என்றேன்.

பயிற்சிக்கு இருவரும் ஒரே இடத்துக்குத்தான் போகிறோம். அங்கே சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்குக் கண் முதுகிலும் இருக்கிறது. ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டே உன் அப்பா ஒன்று, இரண்டு, ஐந்து என்று எண்ணுவார், அவள் திரும்பாமலே "சார், மூணும் நாலும் எங்க போச்சு?" என்பாள். பிறகு மேனேஜர் என்னைப் பார்க்க வந்தார். எனக்கு அரை மணி நேரம் உபதேசம் செய்தவர், உடம்பு வேர்க்கிறது என்று கோட்டைக் கழற்றப் பார்த்தார், முடியவில்லை. கை தோளுக்கு மேல் போகவே மாட்டேன் என்கிறது. பயிற்சி பண்ணவில்லையா என்று கேட்டேன். "அதான் ஆப்பரேஷனே பண்ணியாச்சே, இனி அதுவாச் சரியாகும்" என்றார். கடைசியில் உன் அப்பாதான் எழுந்து கோட்டைக் கழற்றிவிட்டார். மறுநாளில் இருந்து மூன்றும் நாலும் எண்ணிக்கையில் சேர்ந்துவிட்டன, இப்போது அவர் தோளில் வலி பாதிகூட இல்லை, ஒரு கீறலும் இல்லாமல். அதில் அவருக்கு வருத்தமா சந்தோஷமா என்று இன்னும் தெரியவில்லை.

எல்லாரையும் ஏசிவிட்டேன், என்னை மட்டும் விட்டால் நியாயம் இல்லை. நீங்க கேக்கல என்று உன் அப்பாவைக் குத்திவிட்டு ஒரு நாள் முழுக்க ஜெயித்த மாதிரி இருந்தேன். பிறகுதான் யோசித்தேன், கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? நான் விழுந்த அந்த வாரம் நீ வீடியோவில், "ஏம்மா ஒரு பக்கமா சாஞ்சு உக்காந்திருக்க?" என்று கேட்டாய். கேமரா கோணல் என்றேன். கேட்ட ஒருத்தியிடமும் பொய் சொன்னேன். சகித்துக்கொள்வது என்னவோ பெரிய கிரீடம் மாதிரி தலையில் சுமந்தேன், இன்னும் நாலு மாதம் சுமந்திருந்தால் கை போயிருக்கும். உன் அப்பாவின் ஆர்ப்பாட்டத்தை விட என் அழுத்தம்தான் பெரிய முட்டாள்தனம்.

நேற்று டாக்டர் பார்த்தார். தையல் பிடித்திருக்கிறது, கை தோள் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே வரை தானாக வருகிறது. இன்னும் ஒரு மாதம் கழித்துத்தான் எடை தூக்கும் பயிற்சி, டிரையர் பிடிக்க அதற்கும் மேலே ஆகும். டாக்டர் நல்ல முன்னேற்றம் என்றதும் உன் அப்பா நெஞ்சை நிமிர்த்தி, "ஆப்பரேஷன் பண்ணிக்கச் சொன்னதே நான்தான் டாக்டர்" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன்.

நீ வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, குளிருக்குக் காதை மூடிக்கொள். இதைப் படித்துவிட்டு டிக்கெட் போட்டுக் கிளம்பி வராதே, லீவு கிடைக்கும்போது வந்தால் போதும். உனக்கு எங்கே வலித்தாலும் வாயைத் திறந்து சொல், யாராவது கேட்கட்டும் என்று உட்கார்ந்திராதே. நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு நிறைவாக இரு. இதை எழுதி முடிக்கும்போது தோள் நன்றாகவே வலிக்கிறது. பார், எழுதிவிட்டேன்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா