புயலன்று நான் அடைத்த ஓட்டை

என் அருமை நைனாவுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு வந்த முதல் புயல் போன வாரம் கரையைக் கடந்தது. வீடு நிற்கிறது. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைக் கேட்டால் நீ கத்துவாய்.

ரேடியோவில் சொன்னதுமே வேலையை ஆரம்பித்துவிட்டேன். கூரை ஷீட்டின் மேல் மணல் மூட்டை ஏற்றினேன். கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தேன். ரேஷன் கார்டையும் தங்கச்சி சாந்தியின் ஆஸ்பத்திரிச் சீட்டையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பரண்மேல் போட்டேன். ஆறு ஏறினால் தூக்கிக்கொண்டு ஓட ஒரு துணி மூட்டையும் தயார். உன்னைவிட நன்றாகவே செய்தேன் என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் உன்னைப் போல் செய்யவில்லை. சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவில் ஒரு முழத்துக்கு ஓட்டை விட்டிருந்தாயே, எந்த மழைக்கும் அடைக்க விடமாட்டாயே, அதில் சாக்கைத் திணித்தேன். வருஷா வருஷம் அதன் வழியாகச் சாரலடித்து என் பாய்தான் நனையும். உன் பீடிப் புகை போகத்தான் அதை விட்டுவைத்தாய் என்று நினைத்திருந்தேன். அதற்குத்தானா, நைனா? வேறு ஏதாவது தெரிந்திருந்ததா உனக்கு?

சாந்திக்குக் குழந்தை பிறந்து அன்றைக்குப் பதினோரு நாள். பெண் குழந்தை, மூக்கு உன்னுடையது, பாவம். "பச்ச ஒடம்புக்காரிக்குக் குளிர் ஆவாது" என்று அம்மா கதவு இடுக்கிலெல்லாம் பழைய புடவையைச் சொருகினாள். குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டியதும் கங்குச் சட்டியை வெளியே வைத்துவிடுவோம் அல்லவா? அன்று வெளியே கால் வைக்க முடியவில்லை. கதகதப்பாக இருக்கட்டும் என்று அதைக் கட்டிலருகே வைத்து, கரியை அள்ளிப் போட்டது நான்தான்.

மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. "தல இன்னாவோ மாரி வலிக்குதுக்கா" என்றாள் சாந்தி. குளிர்தான் ஏறிவிட்டது என்று இன்னும் ஒரு கை கரி போட்டேன். அம்மா சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். குழந்தை அழவே இல்லை. புயலுக்குக்கூட அழாத சமத்து என்று கொஞ்சினேன், நைனா.

அப்போதுதான் பக்கத்து வீட்டு ராணி அக்கா, நனையாத தீப்பெட்டி கேட்டுக் கதவைத் தட்டினாள். எழுந்தால் எனக்குக் கால் நிற்கவில்லை. எப்படியோ திறந்தேன்.

"இன்னாடி இது, உள்ள மூச்சு முட்டுது! கொயந்த ஏன் இப்டித் தொவண்டு கீது?" என்றவள் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு தன் வீட்டு வாசலுக்கு ஓடினாள். அதன் உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டிவிட்டாள். அது வீறிட்டதும் நானும் அழுதுவிட்டேன். சாந்தியையும் அம்மாவையும் வெளியே இழுத்து வந்ததும் அவள்தான்.

மழை விட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தைக்கு ஒன்றுமில்லை. அடைத்த வீட்டில் கரி கனன்றால், அதிலிருந்து வரும் விஷவாயு கண்ணுக்குத் தெரியாமலே ஆளைக் கொன்றுவிடும் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா என்ன சொல்கிறாள் தெரியுமா? கண் பட்டுவிட்டதாம். அன்று காலையில் ராணி அக்கா எட்டிப் பார்த்து, "பாப்பா கொயுகொயுன்னு கீது" என்றாளாம். பிள்ளையில்லாதவள் பார்வையாம். மிளகாய் சுற்றிப் போட்டாள். அன்றிலிருந்து ராணி அக்கா தலை தெரிந்தாலே குழந்தையை முந்தானைக்குள் மறைக்கிறாள். நேற்று ராணி அக்கா வாசலிலேயே நின்று, "பாப்பா நல்லா கீதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன், தலை நிமிரவில்லை.

நீ இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாய். பயமாக இருக்கிறது, நைனா. சாந்தி என்னிடம் இனி குழந்தையைத் தருவாளோ மாட்டாளோ.

ஆனாலும் உன்மேல் ஆணை. இதை எழுதி முடித்ததும் அம்மாவிடமும் சாந்தியிடமும் சொல்லிவிடுவேன். அம்மா அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். அதன் பிறகு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டுபோய் ராணி அக்கா மடியில் வைக்கும்படி அம்மாவிடமே கேட்பேன். அம்மா கையாலேயே வைக்க வேண்டும்.

தன் தப்பை ஒரு வாரம் அடுத்தவள் சுமக்கப் பார்த்துக்கொண்டிருந்த,
உன் மூத்த மகள்
செல்வி